மேக்கில் விண்டோஸ் ஓட்டுகிறேன், ஆன்டிவைரஸ் இரண்டு வாங்க வேண்டுமா?

நூல்மில்_கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் நாலைந்து சின்ன கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். போன தீபாவளிக்கு மேக்புக் ஏர் எடுத்தேன், எம்2 சிப், 16 ஜிபி. டேலி மேக்கில் நேரடியாக ஓடாது என்பதால் பேரலல்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன். இதுவரை பிரச்சினை ஒன்றும் இல்லை.

நேற்று சார்ஜர் வாங்கப் போன கடையில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். உடனே அவர், "சார், அப்படின்னா உங்களுக்கு ஆன்டிவைரஸ் ரெண்டு லைசென்ஸ் வேணும், மேக்குக்கு ஒண்ணு, விண்டோஸுக்கு ஒண்ணு, ஃபயர்வாலோட சேர்ந்ததா எடுத்துக்குங்க" என்று ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். வீட்டிலோ தம்பி, மேக்குக்கு வைரஸே வராது, காசை வீணாக்காதே என்கிறான். யார் சொல்வது சரி?

என் வேலை எப்படி என்றால், பில் எல்லாம் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும், சில பேர் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுப்பார்கள். இன்னொன்று, பிரிண்டர் வரவில்லை என்று ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து நெட்வொர்க்கை பிரிட்ஜ்டு என்று மாற்றி வைத்திருக்கிறேன். அது என்ன ஏது என்று சத்தியமாகத் தெரியாது.

சுக்குக்காப்பி

இரண்டும் வேண்டாம். விண்டோஸ் 11க்குள் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் சும்மாவே இருக்கிறது, அதை அணைக்காமல் இருந்தாலே போதும். மேக் பக்கம் எக்ஸ்புரொடெக்ட், கேட்கீப்பர் என்று ஆப்பிள் கொடுத்தது இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திரும்ப அலமாரியிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

கிளிமூக்கு

டிஃபெண்டர்கூட எதற்கு என்பேன். வி.எம். (பேரலல்ஸ் உண்டாக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்) என்றாலே பூட்டிய பெட்டி. உள்ளே வைரஸ் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், பெட்டியைத் தாண்டி வெளியே வராது. வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள், ஏதாவது ஆனால் ஒரே கிளிக்கில் போன வாரத்துக்குத் திரும்பிவிடலாம். நான் மூன்று வருடமாக டிஃபெண்டரை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். வேகம் பிய்த்துக்கொண்டு போகிறது.

பழைய_அட்மின்

கிளிமூக்கு தம்பி சொன்னதில் பாதி சரி, அந்த மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

வி.எம். பூட்டிய பெட்டிதான், நீங்கள் அதில் ஓட்டை போடாத வரைக்கும். ஆனால் பேரலல்ஸை நிறுவும்போது அந்த ஓட்டையை வசதி என்ற பெயரில் அதுவே போட்டுக் கொடுத்துவிடும். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து பாருங்கள். மேக்கின் ஹோம் ஃபோல்டர் அங்கே ஒரு நெட்வொர்க் டிரைவாக நிற்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் விண்டோஸிலும் அதேதான் தெரியும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஃபோல்டர் இருப்பதாக நினைக்காதீர்கள், இருப்பது ஒன்றே ஒன்றுதான், மேக்கின் டிஸ்க்கில் இருக்கிறது, அதில் எழுதவும் அழிக்கவும் விண்டோஸுக்கு அனுமதி இருக்கிறது. விண்டோஸில் ஒரு ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், ஓடினால் அது பெட்டியை உடைத்து வெளியே வரத் தேவையே இல்லை. டிரைவ் ஒவ்வொன்றாகப் போய்ப் பூட்டிக்கொண்டு வரும், அந்த வரிசையில் உங்கள் மேக்கின் டாக்குமென்ட்ஸும் ஒன்று, அவ்வளவுதான்.

இது கற்பனை இல்லை. 2020இல் ரேக்னர் லாக்கர் என்ற ரேன்சம்வேர் கும்பல் இதையே தலைகீழாகச் செய்ததை சோஃபோஸ் என்ற பாதுகாப்பு கம்பெனி ஆட்கள் கண்டுபிடித்தார்கள். தாக்கப்பட்ட கம்பெனியின் விண்டோஸ் மெஷினில் அந்தக் கும்பலே பேரலல்ஸ் மாதிரியான விர்ச்சுவல் பாக்ஸை நிறுவி, அதற்குள் ஒரு குட்டி விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டு, வெளியே உள்ள டிஸ்க்குகளை எல்லாம் ஷேர்டு ஃபோல்டராக உள்ளே கொடுத்துவிட்டு, ரேன்சம்வேரை அந்த எக்ஸ்பிக்குள் ஓட்டினார்கள். வெளியே இருந்த ஆன்டிவைரஸுக்குத் தெரிந்ததெல்லாம் விர்ச்சுவல் பாக்ஸ் என்ற நல்ல பிள்ளை ஏதோ ஃபைல்களை எழுதுகிறது என்பது மட்டும்தான். ஷேர்டு ஃபோல்டர் எவ்வளவு நேரான வழி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் பலருக்குத் தெரியாத இன்னொன்று. பேரலல்ஸில் அப்ளிகேஷன் பகிர்வு ஆன் ஆகியிருந்தால், மேக்கில் ஒரு .எக்ஸ்இ ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் "இதைத் திறக்க முடியாது" என்று மேக் சொல்லாது. பின்னணியில் விண்டோஸை எழுப்பி, அதற்குள் ஓட்டிவிடும். விண்டோஸ் வைரஸ் மேக்கில் ஓடாது என்ற அளவுக்கு உங்கள் தம்பி சொன்னது உண்மைதான், ஆனால் உங்கள் மேக் அதை விண்டோஸிடம் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும்.

மழைக்காகிதம்

அட்மின் அண்ணா சொன்னது அப்படியே எனக்கு நடந்தது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் கிளிமூக்கின் ஸ்னாப்ஷாட் வரியைப் படித்ததும் கை நிற்கவில்லை.

நான் பக்க வடிவமைப்பு செய்கிறேன். மேக்தான், ஆனால் சில பதிப்பாளர்கள் இன்னும் பழைய எழுத்துருவில்தான் ஃபைல் கேட்பார்கள், அதற்கான விசைப்பலகை மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும். அதற்காகவே ஒரு வி.எம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், ஆண்டு இறுதி அவசரம், மெயிலில் ஒரு ஜிப் வந்தது. உள்ளே ஒரு பில். பிடிஎஃப் படம் போட்டிருந்தது. மேக்கில்தான் இரட்டைக் கிளிக் செய்தேன். ஒன்றும் திறக்கவில்லை, விண்டோஸ் மட்டும் எழுந்து வந்து நின்றது. சரி, ஏதோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று அதைச் சுருக்கிவிட்டு டீ போடப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் மேக்கின் டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல் எல்லாம் வெள்ளைக் காகிதப் படமாக மாறிக்கொண்டிருந்தன. என் கண் முன்னாலேயே, மேல் வரிசையிலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஏதோ ஒரு வால். விஷயம் புரிய எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. வைஃபையை அணைத்தேன், அது பைத்தியக்காரத்தனம், ஏனென்றால் ஃபோல்டர் மேக்குக்குள்ளேயே இருக்கிறது, அதைத் தொட வைஃபை எதற்கு? வி.எம்.மை நிறுத்தத் தோன்றியது அதற்கும் பிறகுதான்.

என்னிடமும் ஸ்னாப்ஷாட் இருந்தது. போட்டேன். விண்டோஸ் பளிச்சென்று பழைய நிலைக்கு வந்துவிட்டது. மேக்கின் ஃபைல்கள் வரவில்லை. எப்படி வரும்? ஸ்னாப்ஷாட் வி.எம்.முக்குத்தானே, மேக்கின் டிஸ்க்குக்கு இல்லையே. அதுவரை இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை. போதாததற்கு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டும் ஐகிளவுடோடு இணைந்திருந்தன. பூட்டப்பட்ட ஃபைல்கள் சமர்த்தாக மேலேயும் ஏறிவிட்டன.

மேக்கின் பேக்கப் எடுக்கும் டைம் மெஷின் டிஸ்க் மட்டும் பீரோவில் இருந்ததால் தப்பித்தேன். கடைசியாகச் சொருகியது பதினோரு நாளுக்கு முன். அந்தப் பதினோரு நாளில் செய்த ஒரு 240 பக்கப் புத்தகத்தைத் திரும்ப முதலிலிருந்து கட்டினேன். டிஃபெண்டர்? வேகத்துக்காக அணைத்து வைத்திருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

தவளை99

படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. இப்போதே போய்ப் பார்த்தேன், என் விண்டோஸிலும் மேக்கின் ஹோம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. நான் எப்போதடா இதை ஆன் செய்தேன்??

கிளிமூக்கு

மழைக்காகிதம், மன்னிக்கவும், அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஷேர்டு ஃபோல்டர் என்னிடம் ஆஃப், அதனால்தான் தைரியமாகப் பேசினேன் போல. ஆனால் ஷேரிங் எல்லாம் ஆஃப் என்றால் பெட்டி பூட்டியதுதானே? அதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

பழைய_அட்மின்

ஒத்துக்கொள்கிறேன், ஒரு சின்னத் திருத்தத்தோடு. பெட்டியின் சுவரிலேயே விரிசல் கண்ட கதைகளும் உண்டு. 2015இல் வெனம் என்று ஒன்று வந்தது, வி.எம். ஓட்டும் கியூஎமு என்ற மென்பொருளில் யாருமே பயன்படுத்தாத ஃபிளாப்பி டிரைவ் கண்ட்ரோலரில் இருந்த ஓட்டை. 2024 மார்ச்சில் விஎம்வேர் கம்பெனி, பேரலல்ஸ் மாதிரியான அதன் ஃபியூஷன் உட்பட, யுஎஸ்பி கண்ட்ரோலரில் இருந்த ஓட்டைகளுக்கு அவசர அப்டேட் விட்டது. ஆனால் இதையெல்லாம் கணக்கு எழுதுகிறவர் மெயிலில் வரும் பில்லுக்குள் யாரும் வைத்து அனுப்ப மாட்டார்கள், அவ்வளவு விலையுள்ள சரக்கை நம்மேல் எறிய யாருக்கு மனசு வரும்! பேரலல்ஸையோ ஃபியூஷனையோ அப்டேட்டாக வைத்தால் போதும். நம் வீட்டுக்குத் திருடன் சுவரை இடித்துக்கொண்டு வருவதில்லை, திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு வழியாகத்தான் வருவான்.

ஸ்னாப்ஷாட் பற்றி இன்னொன்று. மூன்று மாதப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் மூன்று மாதப் பழைய விண்டோஸ்தான் வரும். நடுவில் போட்ட பாதுகாப்பு அப்டேட் ஒன்றும் இருக்காது, டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலும் பழசாக இருக்கும். திரும்பியவுடன் முதல் வேலை அப்டேட், அப்புறம்தான் மெயில். வி.எம்.மை மூடாமல் வாரக்கணக்கில் சஸ்பெண்டில் போட்டு வைக்கிறவர்களுக்கும் இதேதான். மாதம் ஒருமுறை ரிட்டர்ன் போட மட்டும் எழுப்புகிற விண்டோஸ், மாதம் ஒருமுறைதான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

கிளிப்போர்டையும் மறக்க வேண்டாம். மேக்கில் பேங்க் பாஸ்வேர்டை காப்பி செய்தால், பகிர்வு ஆன் ஆகியிருந்தால், விண்டோஸில் ஓடுகிற எந்தப் புரோகிராமும் அதைப் படிக்கலாம்.

நூல்மில்_கணக்கு

ஐயோ சாமி. நான் கேட்டது ஆன்டிவைரஸ், இப்போது தூக்கமே போய்விட்டது. பார்த்தேன், ஹோம் ஃபோல்டர் முழுக்க ஷேர் ஆகியிருக்கிறது. எல்லாக் கம்பெனிகளின் ஜிஎஸ்டி ஃபைலும் அதில்தான்.

முழுசாக ஆஃப் செய்தால் வாட்ஸ்அப்பில் வந்த பில்லை டேலி பக்கம் எப்படிக் கொண்டுபோவது? அந்த பிரிட்ஜ்டு விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள்.

பழைய_அட்மின்

முழுசாக வேண்டாம். விண்டோஸை ஷட் டவுன் செய்துவிட்டு, வி.எம்.மின் கான்ஃபிகரேஷனுக்குள் ஆப்ஷன்ஸ், அதில் ஷேரிங். ஹோம் ஃபோல்டர் என்று இருப்பதை எடுத்துவிட்டு, மேக்கில் "டேலிக்கு" என்று ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கி அதை மட்டும் கஸ்டம் ஃபோல்டராகச் சேருங்கள், ரீட் ஒன்லி என்று. விண்டோஸ் அதிலிருந்து எடுக்கலாம், எழுத முடியாது. அங்கே போவதெல்லாம் நகல்தான், அசல் மேக்கிலேயே இருக்கட்டும். ஷேர்டு ப்ரொஃபைல் என்று தனியாக ஒன்று இருக்கும், டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் இணைப்பது அதுதான், அதையும் எடுத்துவிடுங்கள். ஐகிளவுட், டிராப்பாக்ஸ் பகிர்வு இருந்தால் அதுவும். அப்ளிகேஷன் பகிர்வும் ஆஃப். விண்டோஸில் ஒரே ஒரு வேலைதான், மேக்கோடு கொடுக்கல் வாங்கலே இல்லை என்கிறவர்களுக்கு செக்யூரிட்டி பக்கத்தில் "ஐசோலேட் விண்டோஸ் ஃப்ரம் மேக்" என்று ஒரே டிக் இருக்கிறது, கிளிப்போர்டு உட்பட எல்லாவற்றையும் அறுத்துவிடும்.

டேலி டேட்டா விண்டோஸின் சி டிரைவில் இருந்தால் அதன் பேக்கப்பை வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாம்_ஷிப்ட்

பிரிட்ஜ்டு பற்றி நான் சொல்கிறேன். என் ஆபீசில் அப்படித்தான் ஓடுகிறது, தப்பே இல்லை. பிரிட்ஜ்டு என்றால் ரூட்டர் உங்கள் விண்டோஸுக்குத் தனியாக ஒரு ஐ.பி. கொடுக்கும், ஆபீசில் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி எல்லோருக்கும் தெரியும். பிரிண்டர், மற்றவர்களின் ஷேர், எல்லாம் அலுங்காமல் வரும்.

பழைய_அட்மின்

"எல்லோருக்கும் தெரியும்" என்றீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மேக்கில் இருக்கிற ஃபயர்வாலை ஆன் செய்துவிட்டால் உள்ளே இருக்கிற விண்டோஸுக்கும் சேர்த்துக் காவல் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. அந்த ஃபயர்வால் மேக்கில் ஓடும் அப்ளிகேஷன்களுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும் பார்க்கும். பிரிட்ஜ்டில் விண்டோஸின் போக்குவரத்து அந்தக் காவலைத் தாண்டி நேராக ரூட்டருக்குப் போகிறது. அப்போது நடுவில் நிற்பது விண்டோஸின் சொந்த ஃபயர்வால் ஒன்றுதான். அதையும் எவனாவது "டேலி கனெக்ட் ஆகலை சார்" என்று அணைத்து வைத்திருந்தால் முடிந்தது கதை.

2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது இப்படித்தான். யாரும் மெயிலைத் திறக்கத் தேவையில்லை, 445ஆம் போர்ட் திறந்திருந்து, மார்ச்சில் வந்த அப்டேட்டைப் போடாமல் விட்டிருந்தால், பக்கத்து மெஷினிலிருந்து தானாக வந்து ஏறும். பிரிட்ஜ்டில் இருக்கிற வி.எம். அதற்கு இன்னொரு பி.சி. மாதிரிதான்.

ஷேர்டு நெட்வொர்க் என்று மாற்றினால் மேக்கே ஒரு குட்டி ரூட்டராகிவிடும். விண்டோஸுக்கு 10.211.55இல் தொடங்கும் ஒரு உள் ஐ.பி. கிடைக்கும், ஆபீஸ் வைஃபையில் இருக்கிற யாரும் அதைத் தட்ட முடியாது. விண்டோஸிலிருந்து வெளியே போவது மட்டும் வழக்கம்போல் போகும். இதில் ஒரு விஷயம், வெளியே போவதை அது தடுக்காது என்பதால் உள்ளே ஏதாவது வந்துவிட்டால் அது உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கைத் தாக்க முடியும். ஷேர்டில் இருந்தாலும் விண்டோஸ் ஃபயர்வாலை அணைக்காதீர்கள், நெட்வொர்க் வகையை பப்ளிக் என்றே வையுங்கள்.

பிரிண்டருக்கு பிரிட்ஜ்டு தேவையே இல்லை. மேக்கில் சேர்த்த பிரிண்டரை பேரலல்ஸ் தானே விண்டோஸுக்குக் காட்டும், பிரிண்டர் பகிர்வை டிக் செய்தால் சரி. இரண்டாம் ஷிப்ட் சாருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: வி.எம்.முக்குள் சர்வர் ஓடி, மற்ற மேசைகளிலிருந்து அதற்கு வர வேண்டும் என்றால் பிரிட்ஜ்டுக்குக் காரணம் இருக்கிறது.

இரண்டாம்_ஷிப்ட்

சர்வர் ஓடவில்லை. பிரிண்டருக்குத்தான் வைத்தேன் 🙂 சரி, மாற்றிப் பார்க்கிறேன்.

தவளை99

வெளியே போவதைப் பார்க்க நான் மேக்கில் லூலு போட்டிருக்கிறேன், இலவசம்தான். ஆனால் விண்டோஸிலிருந்து எது போனாலும் பேரலல்ஸின் ஒரே பின்னணிப் புரோகிராம் பெயரில்தான் காட்டுகிறது. டேலி போகிறதா திருடன் போகிறானா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சுக்குக்காப்பி

தெரியாது. அதைப் பிரிக்க வேண்டுமானால் விண்டோஸுக்குள் இருக்கிற ஃபயர்வாலில்தான் முடியும்.

கணக்கு சார், அந்தக் கடைப் பெட்டிக்கு வருவோம். உங்களுடையது எம்2, அதில் ஓடுவது ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ். சாதாரண விண்டோஸ் புரோகிராம்கள் அதில் மொழிபெயர்க்கப்பட்டு ஓடிவிடும், டேலி ஓடுவது அப்படித்தான். ஆனால் ஆன்டிவைரஸ் போன்றவை விண்டோஸின் அடிவயிற்றில் டிரைவர் போடும், அந்த டிரைவர் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருந்தால்தான் ஏறும். ஆர்முக்கு விடுகிற கம்பெனிகள் இருக்கின்றன, ஆனால் கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டி அதில் சேர்த்தியா என்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. தெரியாமல் வாங்கினால் காசு போயிற்று. இன்னொரு ஆன்டிவைரஸை ஏற்றினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

மேக் பக்கம் ஏற்கனவே ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்கள், வி.எம். இருக்கிற அந்த .பிவிஎம் ஃபைலை ஸ்கேனிலிருந்து விலக்கி வையுங்கள். அது பல பத்து ஜிபி உள்ள ஒரு பெரிய மூட்டை, உள்ளே விண்டோஸ் ஒவ்வொரு எழுத்தை எழுதும்போதும் வெளியிலிருந்து அதைக் கிளறினால் இரண்டும் நொண்டும்.

கடைசியாக, கிராக், அதாவது திருட்டு மென்பொருள். ஆக்டிவேட்டர் போட டிஃபெண்டரை அணைக்கச் சொல்வான், அணைத்தால் அப்புறம் இந்த இழையில் பேசிய எதுவும் பயனில்லை.

பனங்கிழங்கு

குறுக்கிடுகிறேன். என்னுடையது பழைய இன்டெல் மேக், ஃபியூஷனில் விண்டோஸ் 7, ஒரே ஒரு பழைய எம்பிராய்டரி மென்பொருளுக்காக. எனக்கு எது பொருந்தும்?

பழைய_அட்மின்

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓடு அப்டேட் நின்றுவிட்டது. அதற்கு ஆன்டிவைரஸ் தேடுவதைவிட நெட்வொர்க் அடாப்டரையே துண்டித்துவிடுங்கள், ஃபியூஷனின் செட்டிங்ஸில் ஒரு டிக்தான். எம்பிராய்டரிக்கு இன்டர்நெட் எதற்கு? டிசைன் ஃபைலைக் கொண்டுபோக ஒரே ஒரு ஷேர்டு ஃபோல்டர். அதே செட்டிங்ஸில் ஐசோலேஷன் பக்கத்தில் டிராக் அண்ட் டிராப், காப்பி பேஸ்ட் இரண்டையும் எடுத்துவிடலாம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், 2025 அக்டோபர் 14ஓடு அதற்கும் வழக்கமான ஆதரவு முடிந்தது.

மழைக்காகிதம்

பென் டிரைவ் பற்றி யாரும் சொல்லவில்லையே. சொருகியதும் பேரலல்ஸ் "மேக்குக்கா, விண்டோஸுக்கா" என்று கேட்கும். எப்போதும் மேக் என்றே சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த டிரைவ் என்றால் வைரஸ் ஏறி, ஃபோல்டர் பெயரில் ஷார்ட்கட்டாக நிற்கும், மேக்கில் அது வெறும் செத்த ஃபைல். தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே அழித்துவிடலாம். "என் தேர்வை நினைவில் வை" என்ற டிக்கை விண்டோஸுக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால் அப்புறம் கேட்கவே கேட்காது, அதையும் பாருங்கள்.

நூல்மில்_கணக்கு

எல்லோருக்கும் பெரிய நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். ஷேர்டு நெட்வொர்க், "டேலிக்கு" ஃபோல்டர் மட்டும் ரீட் ஒன்லி, மற்றதெல்லாம் ஆஃப். பிரிண்டர் அட்மின் சார் சொன்னபடியே வந்துவிட்டது, பிரிட்ஜ்டு இல்லாமலே. பென் டிரைவ் டிக் விண்டோஸுக்குத்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். டிஃபெண்டர் எட்டு மாதத்துக்குப் பிறகு முழு ஸ்கேன் ஓடியது, பழைய பென் டிரைவிலிருந்து ஏறியிருந்த ஒரு ஷார்ட்கட் சனியனைப் பிடித்துக் கொடுத்தது.

ஒரே ஒரு இடைஞ்சல்: டேலியிலிருந்து பிடிஎஃப் எடுத்தால் அது சி டிரைவிலேயே நிற்கிறது, மேக்குக்கு வர வழியில்லை. இப்போதைக்கு விண்டோஸிலிருந்தே எனக்கு நானே மெயில் அனுப்பிக்கொள்கிறேன்.

பழைய_அட்மின்

"டேலியிலிருந்து" என்று இரண்டாவதாக ஒரு காலி ஃபோல்டர், அதற்கு மட்டும் எழுதும் அனுமதி. பிடிஎஃப்பை எடுத்தவுடன் அங்கிருந்து நகர்த்திவிடுங்கள். எப்போதும் காலியாகவே இருக்கட்டும், பூட்டினாலும் பூட்ட ஒன்றும் இருக்காது.